பெயர் எழுதும் கை



தோட்டத்தில் பொழுது புலர்வதற்கு முன்பே ஒரு காரியம் நடந்து முடிந்துவிடுகிறது. பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுகிறார்கள். கங்காணியோ மண்டோரோ விளக்கு வெளிச்சத்தில் புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார். 'இருக்கேன்' என்று பதில் வந்ததும் அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுக்கிறார். ஐந்து நிமிட வேலை. முடிந்ததும் ஆட்கள் அவரவர் காட்டுக்குப் பிரிந்து போய்விடுகிறார்கள். கோடு இழுத்தவரும் அதை மறந்துவிடுகிறார்.

ஆனால் அந்தக் கோடு அங்கேயே நின்றுவிடுவதில்லை. புத்தகத்திலிருந்து அது கிராணியின் செக்ரோலுக்குப் போகிறது. செக்ரோலிலிருந்து சம்பளச் சீட்டுக்குப் போகிறது. சம்பளத்திலிருந்து ஒரு பகுதி ஊழியர் சேமநிதிக்கும், ஒரு சிறு பகுதி சொக்சோவுக்கும் போகிறது. முப்பது வருடம் கழித்து, கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தோட்டத்து வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கிற நாளில் நம் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், அன்றன்று காலையில் இழுத்த அந்தக் கோடுகளின் கூட்டுத்தொகைதான் இருக்கும்.

ஆட்களை நடத்துகிற பொறுப்பைப் பற்றியும், முதுமைக்கான பாதுகாப்பைப் பற்றியும் இன்று பேச எண்ணியிருக்கிறோம். இவை இரண்டும் வேறு வேறு விஷயங்கள் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஒரு பெண்மணி அதைத் திருத்தினார். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

1984ஆம் ஆண்டு. ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நமக்குக் கங்காணி வேலை கிடைத்திருந்தது. வயது முப்பதுகூட ஆகவில்லை. நம் கணக்கில் இருந்தவர்களில் ஒரு கணவன் மனைவி. இருவரும் விடியற்காலையில் சேர்ந்தே போவார்கள். ஆளுக்குப் பாதியாக நிரையைப் பிரித்து வெட்டுவார்கள். பத்து மணிக்கு மேல் மங்குகளில் இருக்கும் பாலை எடுத்து, காண்டா வாளியில் ஊற்றிக்கொண்டு ஸ்டோருக்கு வருவார்கள். இருவர் பாலையும் சேர்த்து ஒரே நிறுவையாக நிறுத்து, கணவர் பெயரில் எழுதிவிடுவோம். முன்பு இருந்தவரும் அப்படித்தான் எழுதினார், நாமும் எழுதினோம்.

ஒரு நாள் அந்த அம்மாள் கேட்டார்: "தம்பி, என் பேரு புஸ்தகத்துல ஏறுமா?"

"ரெண்டு பேரு பாலும் ஒண்ணாத்தானே வருது அக்கா? அண்ணன் பேர்ல போட்டா கணக்கு சுலபம். காசு ஒரே வீட்டுக்குத்தானே போவுது?" என்றோம்.

அவர் சிரித்துவிட்டு வாளியைக் கழுவப் போய்விட்டார்.

1989இல், வருடக் கடைசி மழையில், மேட்டு நிரையிலிருந்து பால் தூக்கிக்கொண்டு இறங்கும்போது சறுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. பெரியாஸ்பத்திரியில் பல வாரம் கிடந்தார். தொழிலில் ஏற்பட்ட விபத்து ஆயிற்றே, சொக்சோ இருக்கிறதே என்று பாரங்களை எடுத்துக்கொண்டு நாமும் அலைந்தோம். எந்தத் தேதியிலிருந்து வேலை, என்ன சம்பளம், சந்தா எங்கே என்று கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை, கேட்கத்தான் வேண்டும். காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இவர் வேலை செய்ததை நம் கண்ணால் பார்த்தோம் என்று சாட்சி சொல்ல நாம் தயாராக இருந்தோம். ஆனால் நம் கையெழுத்தில் இருந்த ஐந்து வருடப் புத்தகம் நமக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று. அதில் அந்தப் பெயரே கிடையாது.

அவருக்குச் சேமநிதியும் கிடையாது. 1980களில் தொழிலாளி தம் சம்பளத்தில் நூற்றுக்கு 9, முதலாளி 11 என்று சந்தா கட்டிய காலம் அது. ஐந்து வருடம் பாடுபட்டவருடைய கணக்கில் ஒரு காசு இல்லை, கணக்கே இல்லை. இத்தனைக்கும் அந்தத் தோட்டத்தில் யாரும் அவரை ஏமாற்ற நினைக்கவில்லை. சோம்பல்தான் காரணம். இரண்டு நிறுவைக்குப் பதில் ஒரு நிறுவை. இரண்டு வரிக்குப் பதில் ஒரு வரி. அவ்வளவே.

நேயர்களே, கங்காணி என்ற சொல்லுக்கு நம்மவரிடையே ஒரு கசப்பு உண்டு. காரணம் இல்லாமல் இல்லை. அந்தக் காலத்துக் கங்காணி ஊருக்குப் போய்ச் சொந்த ஜனங்களை அழைத்து வந்தார். எத்தனை தலை காலையில் வேலைக்கு வந்து நின்றதோ அத்தனை தலைக்குக் கணக்குப் போட்டு அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. காய்ச்சல்காரரையும் படுக்கையை விட்டு எழுப்பிக் களத்தில் நிறுத்துவது அவருக்கு ஆதாயம். 1938இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர்களை இங்கே அனுப்புவதை நிறுத்தியதும் அந்த ஆள்சேர்ப்பு முறை ஒழிந்தது. பிறகு கங்காணியும் மற்றவர்களைப் போலச் சம்பளக்காரர் ஆனார். ஆனால் முறை போன வேகத்தில் மனப்பான்மை போகவில்லை. ஆள் என்றால் எண்ணிக்கை என்ற எண்ணம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது.

ஒரு கூட்டத்தை நடத்துகிறவர் கையில் உண்மையாக என்ன அதிகாரம் இருக்கிறது? சம்பளத்தைக் கூட்டவும் குறைக்கவும் அவரால் முடியாது. வீடு கொடுக்க முடியாது. மூன்று காரியம் மட்டும் முடியும்: யாருக்கு எந்த வேலை என்று பிரிப்பது, செய்த வேலையை அளப்பது, அதை எழுதுவது. இந்த மூன்றிலும் நேர்மையாக இருந்துவிட்டால், கோபக்காரராக இருந்தாலும் ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள். இவற்றில் கோணல் இருந்தால், எவ்வளவு இனிக்கப் பேசினாலும் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். இது நாம் அனுபவத்தில் கண்டது.

வேலை பிரிப்பதை எடுத்துக்கொள்வோம். எல்லா நிரையும் ஒன்றல்ல. ஒன்று சமதரை, ஸ்டோருக்குப் பக்கம். இன்னொன்று மலைச்சரிவு, கடைசி எல்லை. ஒன்றில் பால் பொங்குகிற மரங்கள். இன்னொன்றில் பட்டை தீர்ந்த கிழ மரங்கள். நல்ல நிரை கங்காணியின் மைத்துனருக்கும், கடைசி நிரை வாயில்லாத விதவைக்கும் போயிற்று என்றால் அந்தக் கூட்டத்தில் ஒற்றுமை எப்படி இருக்கும்? ரப்பரில் வெட்டு மரங்களை அடிக்கடி மாற்றிக் கொடுக்க முடியாது என்பது உண்மை; ஒரு கை பழகிய பட்டையை இன்னொரு கை கெடுத்துவிடும். ஆனால் ஆள் விலகி நிரை காலியாகும்போதும், புதுக்காடு திறக்கும்போதும், முறை வைத்துக் கொடுக்கலாமே! செம்பனையில் இன்னும் எளிது. குட்டை மரமும் நெட்டை மரமும் வாரம் ஒருவருக்கு என்று சுற்றில் வரலாம். அந்த முறையை ஒரு தாளில் எழுதி ஸ்டோர்ச் சுவரில் ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை அன்றோடு தீர்ந்துவிடும். நாம் அதைச் செய்வதற்கு ஏழு வருடம் பிடித்தது. முன்பே செய்திருக்கலாம்.

அளப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பால் நிறுக்கும்போது எடையை உரக்கச் சொல்லுங்கள். குலை எண்ணும்போது அறுத்தவர் பக்கத்தில் நிற்கட்டும். காய்க் குலை என்று கழித்தால், எது காய், ஏன் காய் என்று கையில் எடுத்துக் காட்டிக் கழியுங்கள்.

எழுதுவதுதான் இன்றைய பேச்சின் உயிர். இன்று நம் தோட்டங்களில் பெரும்பாலும் செம்பனை. கணவர் நீளக் கழியில் கட்டிய அரிவாளால் குலையை அறுக்கிறார்; மனைவி பின்னாலேயே குனிந்து உதிரிப் பழம் பொறுக்கிச் சாக்கில் கட்டுகிறார். சீட்டில் யார் பெயர்? கணவர் பெயர். 1984இல் ஒரே வாளியில் வந்த பால், இப்போது சாக்கில் வருகிறது; வேறு வித்தியாசம் இல்லை.

பணம் ஒரே வீட்டுக்குத்தானே போகிறது என்ற பழைய கேள்வியை நமக்கு நாமே திரும்பக் கேட்டுப் பார்ப்போம். அந்த அம்மாள் மாதம் 600 வெள்ளி அளவுக்கு வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய விகிதப்படி சேமநிதிக்கு அவர் பங்கு நூற்றுக்கு 11, அதாவது 66 வெள்ளி. முதலாளி பங்கு, 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு நூற்றுக்கு 13, அதாவது 78 வெள்ளி. இரண்டும் சேர்த்து மாதம் 144. இருபது வருடத்தில், லாப ஈவு ஒன்றும் சேர்க்காமலே, 34,560 வெள்ளி. இதைக் கணவர் பெயரில் போட்டால் மொத்தத் தொகை குறையப் போவதில்லை, அதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அது அவருடைய கணக்கு. எடுப்பதும் செலவழிப்பதும் அவர் விருப்பம். அவர் நல்லவராக இருக்கலாம். நல்லவருக்கும் கடன் வரும், நோய் வரும். அதைவிட முக்கியமானது, காட்டில் கால் தவறி விழுகிறவர் மனைவியாக இருந்தால், கணவரின் சொக்சோ அட்டை அவருக்கு மருந்து வாங்கித் தராது. பெயர் இருக்கிற தொழிலாளிக்கு மருத்துவச் செலவு கிடைக்கும்; வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தினச் சம்பளத்தில் நூற்றுக்கு 80 என்ற கணக்கில் உதவித்தொகையும் உண்டு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்த விபத்துக்கும் இது பொருந்தும். பெயர் இல்லாதவருக்கு அக்கம் பக்கத்தார் கொண்டுவரும் ஹார்லிக்ஸ்தான்.

2022 டிசம்பரிலிருந்து இல்லத்தரசிகளுக்கென்று சொக்சோவில் தனித் திட்டம் ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு 120 வெள்ளி கட்டினால் போதும். நல்ல திட்டம். ஆனால் காட்டில் வேலை செய்கிறவரை இல்லத்தரசி என்று எழுதிக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடக் கூடாது. வேலை செய்கிறவர் வேலையாள். அவர் பெயர் செக்ரோலில் ஏற வேண்டும்.

ஒரே ஒரு நாள் விடுபட்டால் என்ன என்று எழுதுகிறவர் எண்ணலாம். அதற்கும் கணக்கு இருக்கிறது. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலைக்கு நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 சென். அதற்குரிய சேமநிதி இரு பங்கும் சேர்த்து ஏறக்குறைய 15 வெள்ளி 70 சென். மாதத்தில் ஒரு நாள் பெயர் தவறினால் இருபது வருடத்தில் சேமநிதியில் மட்டும் 3,700 வெள்ளிக்கு மேல் போய்விடும். கூலி போவது தனி. தவறு தெரிந்தால் அன்றைக்கே கிராணியிடம் சொல்லித் திருத்த வேண்டும். சம்பளம் போட்ட பிறகு திருத்துவது கடினம். வருடம் போன பிறகு அநேகமாக முடியாது.

இப்போது நம் மண்டோர்களின் கீழே இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் வேலை செய்கிறார்கள். ஒரு கூட்டத்தில் முகமது என்ற பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். 'டேய்' என்றும் 'பாய்' என்றும் கூப்பிட்டு, அட்டை எண்ணைப் பார்க்காமல் எழுதினால் ஒருவன் வேர்வை இன்னொருவன் கணக்கில் போய்ச் சேரும். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து அவர்களுக்கும் சேமநிதி கட்டாயமாகிவிட்டது; தொழிலாளி நூற்றுக்கு 2, முதலாளி 2. கடல் கடந்து வந்து, பெயர் சரியாக எழுதப்படாமல் கஷ்டப்பட்ட ஜனங்களின் பேரப்பிள்ளைகள் நாம். அவர்கள் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்வது நமக்குப் பெரிய காரியம் அல்ல.

இன்னொன்றையும் மண்டோர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும், சிலருக்குக் கசக்கும். தம் கூட்டத்து ஆட்களுக்கு வட்டிக்குப் பணம் கொடுக்காதீர்கள். கூட்டுச் சீட்டுப் பிடிக்காதீர்கள். கூட்டு நடத்துவதைத் தடை செய்து 1971இலேயே சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம் தமிழ்ச் சொல் 'கூட்டு' ஏறியிருக்கிறது. நமக்குப் பெருமை தரும் விஷயமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்! சட்டம் இருக்கட்டும். கடன் கொடுத்தவரும் பெயர் எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருந்தால், கடன்பட்டவர் தம் கணக்கில் தவறு கண்டாலும் வாய் திறப்பாரா? பழைய கங்காணியின் பலமே அந்த வாய்ப்பூட்டில்தான் இருந்தது.

விபத்து நடந்தால், சின்னக் காயம்தானே என்று மஞ்சளை அப்பிவிட்டு மறைக்க வேண்டாம். நிர்வாகத்துக்கு உடனே சொல்லுங்கள். தெரிய வந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. எந்த இடம், எத்தனை மணி, யார் பார்த்தார் என்பதை மண்டோர் தம் புத்தகத்தில் அன்றே குறித்து வைத்தால், பின்னால் அது ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும். மருந்தடிக்கிற பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாரகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அது போய்விட்டது என்பதற்காக மற்ற மருந்துகள் தண்ணீர் ஆகிவிடா. கையுறை கிழிந்திருந்தால் வேறு கையுறை வரும்வரை அந்த ஆளை வேறு வேலைக்கு மாற்றுகிற துணிவு மண்டோருக்கு வேண்டும்.

கடிந்துகொள்வதைப் பற்றி நாம் அதிகம் உபதேசிக்கப் போவதில்லை. களத்தில் எல்லார் முன்பும் திட்டினால் திட்டப்பட்டவர் மறுநாள் வரமாட்டார். தனியே கூப்பிட்டுச் சொன்னால் வெட்கப்பட்டாவது திருந்துவார். நம் அம்மாமார் மருமகளை வைத்துப் பழகிக்கொண்ட பாடம்தான் இது. பழகிக்கொள்ளாதவர்கள் பட்டதும் நமக்குத் தெரியும்.

சரி, இளைஞர்கள் கேட்பார்கள்: இதெல்லாம் இருக்கட்டும், எங்கள் முன்னேற்றத்துக்கு வழி என்ன? வெட்டுக்காரராகச் சேர்ந்தவர் வெட்டுக்காரராகவே ஓய்வு பெற வேண்டும் என்பது விதி அல்ல. நல்ல மண்டோர் தம் புத்தகத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கமாட்டார். கூட்டத்தில் கணக்கு வருகிற ஒரு பையனையோ பெண்ணையோ பக்கத்தில் நிறுத்தி, வாரத்தில் ஒரு நாள் அவர்களை எழுதச் சொல்வார். தம் நாற்காலி போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நாம் பார்த்த மட்டில், ஆளைத் தயார் செய்து வைத்தவரைத்தான் நிர்வாகம் மேலே தூக்கியது. ஆள் இல்லாதவரை இருந்த இடத்திலேயே வைத்திருந்தது. அவர் இல்லாவிட்டால் வேலை நடக்காதே!

மலேசியத் திறன் சான்றிதழ் என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியும். பள்ளிப் படிப்பு குறைவாக உள்ளவர்களும், பல வருட வேலை அனுபவத்தைச் சான்றுகளோடு காட்டி அதைப் பெற வழி இருக்கிறது. வகுப்பில் உட்கார வேண்டும் என்பது கட்டாயம் இல்லை. ஆனால் சான்று என்றால் என்ன? நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பொறுப்பு வகித்த பதிவு. மறுபடியும் எழுதப்பட்ட பெயர்தான். பத்து வருடம் டிராக்டர் ஓட்டியவர், செக்ரோலில் வெறும் வெளிக்காட்டு ஆள் என்றே இருந்தால் எதைக் கொண்டுபோய்க் காட்டுவார்? எந்த வேலை செய்கிறோமோ அந்த வேலையின் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சம்பளச் சீட்டுகளை முறுக்குப் பொட்டலம் கட்டாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள்.

வீட்டுக் கணக்குக்கு வருவோம். தோட்டத்து வருமானத்துக்கு ஒரு பருவம் உண்டு. ரப்பர்க் காட்டில் வருடத் தொடக்கத்தில் இலை உதிரும்போது பால் வற்றும். வருடக் கடைசியில் மழை வெட்டைக் கெடுக்கும். செம்பனையிலும் குலை குறைகிற மாதங்கள் இருக்கின்றன. பால் நிறைய வருகிற மாதத்தில் தொலைக்காட்சிப் பெட்டிக்குத் தவணை எழுதிவிட்டு, வற்றுகிற மாதத்தில் ஆ லோங்கிடம் போய் நிற்பது நம் குடும்பங்களில் பழைய கதை. ஆகக் குறைந்த மாதத்து வருமானத்தை வைத்துத்தான் தவணை எழுத வேண்டும். மிஞ்சுவதை மனைவி பெயரில் தனியாக ஒரு வங்கிக் கணக்கில் போட்டு வைத்தால் வருடக் கடைசி கொஞ்சம் நிம்மதியாகக் கழியும்.

சேமநிதி 1951இல் தொடங்கியது. 1,700 வெள்ளிச் சம்பளத்துக்கு இன்று தொழிலாளி பங்கு 187, முதலாளி பங்கு 221, ஆக மாதம் 408 வெள்ளி. முப்பது வருடத்துக்குக் கட்டிய தொகை மட்டும் 146,880. வழக்கமான கணக்குகளுக்குச் சட்டம் உறுதி சொல்லும் ஆகக் குறைந்த லாப ஈவு நூற்றுக்கு 2.5, அது மட்டுமே கிடைத்தாலும் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டும். இது தொடாமல் வைத்திருந்தால். 2024 மே மாதத்திலிருந்து சந்தா மூன்றாகப் பிரிகிறது. நூற்றுக்கு 75 ஓய்வுக் கணக்குக்கு. 15 வீடு, மருத்துவம், படிப்பு போன்றவற்றுக்கான கணக்குக்கு. 10 எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்குக்கு. இந்தக் கடைசிக் கணக்கைப் பற்றித்தான் நமக்குக் கவலை. 408இல் அது மாதம் 40 வெள்ளி 80 சென். எடுப்பது கைப்பேசியில் இரண்டு தட்டு. இரண்டு தட்டில் போனது திரும்பி வர எத்தனை காலை பெரட்டுக்கு நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டு எடுங்கள்.

வீடு நம்மவர்களுக்குப் பெரிய விஷயம். தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. 2013 ஜூலையிலிருந்து தனியார் துறையில் ஓய்வு வயது 60க்குக் குறையக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் சேமநிதியை 55இல் முழுதும் எடுக்கலாம். இந்த ஐந்து வருட இடைவெளியில்தான் பலருடைய பணம் கரைகிறது. வேலை இன்னும் இருக்கிறது, வீடு இன்னும் இருக்கிறது, கையில் திடீரென்று பெருந்தொகை. மகளுக்குக் கல்யாணம், மகனுக்குக் கார். அறுபதில் சாவியைக் கொடுக்கும்போது கை காலியாக இருக்கிறது. கல்யாணம் செய்ய வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தங்குவதற்கு ஓர் இடம் உறுதியான பிறகு பந்தலைப் பெரிதாகப் போடலாம் என்கிறோம்.

1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு தெருவுக்கு வந்தன. அப்போது துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களே சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டம் வாங்கலாம் என்று சொன்னார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மறு வருடமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை அது வாங்கியது. பால் வெட்டிக் கூலி வாங்கியவர்கள் ஒரு தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆனார்கள். அந்தப் பங்குப் பத்திரங்களைத் தகரப் பெட்டியின் அடியில், கல்யாணச் சேலைக்குக் கீழே வைத்திருந்த கிழவிகளை நமக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வரியில் தம் பெயர் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவார்கள்.

நம் பழைய கூட்டத்து அந்த அம்மாளைப் பற்றிக் கேட்பீர்கள். கணவர் ஓய்வு பெற்று எடுத்த சேமநிதியில் பெரும்பகுதி வைத்தியத்துக்கும், தோட்டத்தை விட்டு வெளியேறிப் போட்ட பலகை வீட்டுக்கும் சரியாகிவிட்டது. கணவர் போன பிறகு மகன் வீட்டில் இருந்தார். கடைசிவரை ஊன்றுகோலோடுதான் நடந்தார். கோயில் திருவிழாவில் ஒரு முறை நம்மைப் பார்த்தவர், குறை ஒன்றும் சொல்லவில்லை. "தம்பி, இப்போ பொம்பளைங்க பேரெல்லாம் எழுதுறீங்களா?" என்று மட்டும் கேட்டார். விபத்து நடந்த மறு மாதத்திலிருந்தே எழுதுகிறோம் என்று சொன்னோம். தலையை ஆட்டிவிட்டுச் சாமி பார்க்கப் போனார்.

நேரம் முடியப் போகிறது, நேயர்களே. ஒரு வேலையைச் சொல்லி விடைபெறுகிறோம். அடுத்த முறை பட்டணத்துக்குப் போகும்போது சேமநிதி அலுவலகத்துக்குள் ஒரு நடை நுழையுங்கள். அடையாள கார்டையும் பெருவிரலையும் வைத்தால் உங்கள் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம். கைப்பேசி பழகிய பிள்ளைகள் இருந்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பன்னிரண்டு மாதத்துக்கும் சந்தா விழுந்திருக்கிறதா, சம்பளச் சீட்டில் பிடித்த தொகையும் அதுவும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்றும் கேளுங்கள். கல்யாணத்துக்கு முன் கணக்குத் தொடங்கியவர்கள் சிலர் அம்மா பெயரைக் கொடுத்துவிட்டு, அம்மா காலமான பின்னும் மாற்றாமல் இருக்கிறார்கள். சிலர் ஒரு பெயரும் கொடுக்கவில்லை. அன்றே பாரம் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். கணவரும் மனைவியும் சேர்ந்தே போங்கள். போகும்போது, தாய்மார்களே, உங்கள் அடையாள கார்டையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.